துணித் தவளை

பின்னேரங்களில் என் மகன் கைபேசியில் எதையாவது கொண்டுவந்து காட்டுவான். அன்று காட்டியது எங்கோ ஒரு குளிர்நாட்டு ஆறு. பனி கரைந்து, மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய காலமாம். ஒராள் மட்டும் இருக்கக்கூடிய ஒடுங்கிய பிளாஸ்டிக் வள்ளத்தில் ஒரு மனிதர் காலை நீட்டி இருந்துகொண்டு தூண்டில் எறிந்தார். அந்த வள்ளத்தில் சாய்ந்திருக்கக் கதிரை, தண்ணீர்ப் போத்தல் வைக்க ஒரு குழி, தடியைக் குத்திவைக்க ஒரு துளை எல்லாம் இருந்தன.

"அப்பா, இப்பிடி ஒண்டு இஞ்சை முந்தி ஆரிட்டையும் இருந்ததோ?" என்று மகன் கேட்டான்.

இருந்தது என்றேன். யாரிடம் என்று கேட்டான். என்னிடம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு பேருக்கு முன்னால் இருந்து கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதுவது கொஞ்சம் இலகு. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

என்னுடைய வள்ளம் எங்கள் குசினிக் கூரையிலிருந்து வந்தது.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய தலையிலும் துருவலையிலும் வெயில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒரு தகரத்தின் அளவுக்கு வானம். அந்த வானத்தின் ஓரத்தில் சித்தப்பாவின் முகம்.

"தம்பி! உங்கை ஏறி நிண்டு என்ன செய்யிறியள்?"

"ஒரு தகரம்தான் அக்கா. அடுத்த மழைக்கு முன்னம் திருப்பிப் போட்டுவிடுறன்."

"வந்து இறங்கின நாளிலை இருந்து உங்கடை கொட்டிலுக்குக் கதவு போடுறன் எண்டுதான் சொல்லுறியள். அதுக்கும் எத்தினை மழை வந்து போட்டுது."

சித்தப்பா தகரத்தை மெல்லக் கீழே இறக்கினார். பிறகு அந்த இடத்தைக் கிடுகு வைத்து மறைக்கவேண்டி வந்தது. அம்மா சொன்னதுதான் சரியாகப் போனது. ஆனால் நான் முன்னுக்கு ஓடுகிறேன்.

சித்தப்பா என்று நான் சொல்வது அம்மாவின் தங்கையான சின்னம்மாவைக் கட்டியவரை. அவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரமாக இருந்தவர்கள். சண்டையால் அங்கே இருக்க முடியாமல் போன பிறகு, ஒரு தையல் மெசினையும் இரண்டு பெட்டிகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, கனகராயன்குளம் என்ற ஊருக்கு உள்ளுக்கு இருந்த எங்கள் வளவுக்கு வந்து கொட்டில் போட்டுக்கொண்டார்கள். சித்தப்பா தையல்காரர். கடலைத் தெரிந்தவர். ஊரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு வள்ளம் எடுத்துக்கொண்டு போய்த் தூண்டில் போட்டதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆற்றையும் குளத்தையும் பார்க்கும்போது அவருடைய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அவை வளர்ந்து கடலாக வர இன்னும் காலம் இருக்கிறது என்பது போன்ற சிரிப்பு.

சின்னம்மா அப்போது பிள்ளைத்தாச்சியாக இருந்தார். இதற்கு முன் இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டாரோடு குரலைத் தாழ்த்திக் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். அது எப்படி என்று கேட்டபோது போய் ஆட்டுக்குக் குழை வெட்டு என்றார்கள். எனக்குப் பத்து வயது. எனக்கு விளங்கிய அளவில் வீட்டில் இருந்த கரைச்சல் ஒன்றுதான். சின்னம்மா சாப்பிடுகிறார் இல்லை. எதை வாயில் வைத்தாலும் கிணற்றடிக்கு ஓடினார். கை வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவிச்சி, "இப்பிடியே மெலிஞ்சுகொண்டு போனால் இதையும் காப்பாத்த ஏலாது. என்னத்துக்கு ஆசைப்பட்டாலும் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னம்மா ஆசைப்பட்டது மீனுக்கு.

அதுதான் அந்த நாட்களில் கிடைக்காத பொருள். முல்லைத்தீவுப் பக்கமிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரர் பாதை மூடப்பட்ட பிறகு வரவில்லை. அப்பா ஒரு நாள் குளத்து மீன் கொண்டுவந்தார். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குக் குளத்து மீன் என்றால் சேற்று மணம். சட்டி அடுப்பில் ஏறமுன்னமே சின்னம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டார்.

"ஆத்து விரால் எண்டால் மணக்காது" என்றார் அப்பா. "ஓடுற தண்ணி. அதுவும் மாசி மாதத்திலை தெளிஞ்சுபோய்க் கிடக்கும். ஆனால் ஆர் போறது? எனக்கு வயலிலை வேலை."

நெல் அரிவு வெட்டுக் காலம். ஆம்பிளைகள் எல்லாரும் வயலில். என்னுடைய பள்ளிக்கூடத்தில் வெளியூர்ச் சனங்கள் வந்து தங்கியிருந்ததால் எனக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. அந்த விடுமுறை முடியும் முடியும் என்று இருந்து, கடைசியில் முடியாமலே போய்விட்டது.

"நான் போறன்" என்று சித்தப்பா எழும்பினார். அந்த நேரம்தான் அம்மா அந்தச் சட்டத்தைப் போட்டார்.

"நீங்கள் தூண்டிலைத் தொடப்படாது."

"ஏன் அக்கா?"

"பிள்ளைத்தாச்சியின்ரை புருசன் ஒரு உயிரையும் கொல்லப்படாது. தெரியாதோ? பாம்பு குறுக்கை வந்தாலும் நீங்கள்தான் விலத்திப் போகவேணும். போன ரண்டு தரமும் உங்கை ஆர் என்ன செய்தினமோ."

அம்மா அதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சுளகில் இருந்த அரிசியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எதற்கும் ஒரு மறுகதை வைத்திருக்கிற சித்தப்பா அன்று திரும்பவும் கீழே குந்திவிட்டார். கடலுக்குப் போன கதைகளையும் அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொன்னதில்லை.

சட்டத்துக்குள் ஒரு வழியை அவர் அடுத்த நாள் கண்டுபிடித்தார். அந்த வழி நான்தான்.

"பெடியன் பிடிக்கட்டும் அக்கா. அவனுக்குப் பெண்சாதியோ பிள்ளையோ? நான் கரையிலை சும்மா நிக்கிறன்."

"தூண்டிலிலை என்னத்தைக் கொழுவப் போறியள்?"

"தவளை."

"தவளை உயிர் இல்லையோ?"

"அப்ப மண்புழு."

"அது மட்டும் என்ன, நூல்கட்டையோ?"

சித்தப்பா மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டுத்துணிப் பையைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்படித்தான் அந்தத் தவளை பிறந்தது. சின்னம்மாவின் பச்சைச் சட்டைத் துணியின் மிச்சத்தில் முதுகு. வயிற்றுக்கு வெள்ளை. கண்ணுக்கு இரண்டு கறுப்புச் சேட்டுப் பொத்தான். பின்னங்கால்களுக்கு நாலைந்து நூல் குஞ்சங்கள். முதலில் பஞ்சு அடைத்துத் தைத்தார். அது வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதந்து, நிறையக் குடித்து, தாழ்ந்து போனது. இரண்டாவது தவளைக்குள் ரப்பர் செருப்பின் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தார். அது தாழவே இல்லை. அப்பாதான் பின்னேரம் வயலால் வந்து ஒரு செருப்பைத் தேடினார். வயிற்றுக்குக் கீழே தூண்டில் கொழுக்கி தெரியாமல் மடித்துத் தைத்திருந்த வேலையைப் பார்த்து அம்மாகூட, "கலியாணச் சட்டைக்கும் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்" என்றார்.

இனி வள்ளம். விரால் நிற்பது ஆற்று மடுவின் நடுவில், கோரைப் பற்றை ஓரமாக. கரை முழுக்க மருதமர வேரும் பற்றையும். கரையில் நின்று எறிந்தால் தூண்டில் மரத்தைத்தான் பிடிக்கும். ஆகவேதான் தகரம். சித்தப்பா அதன் நெளிவுகளைக் கோடரியின் மொட்டைப் பக்கமான பிடங்கால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். அந்தச் சத்தத்தில் ஊரில் எவரும் மத்தியானம் கண்ணயரவில்லை. பிறகு தகரத்தைத் தொட்டில் மாதிரி வளைத்து, இரண்டு முனைகளிலும் பலகை வைத்து ஆணி அடித்து, றோட்டுப் போட்ட காலத்தில் மிஞ்சிக் கிடந்த தாரை உருக்கி ஓட்டைகளை அடைத்தார். முடிந்த பிறகு பார்த்தால் அது வள்ளம் மாதிரியும் இருந்தது, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி மாதிரியும் இருந்தது.

ஆற்றில் இறக்கியதும், "முதல் நான் இருந்து பாக்கிறன்" என்று சித்தப்பா ஏறி இருந்தார். வள்ளம் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. மெதுவாக, மரியாதையாக, விளிம்பு வரைக்கும் தாழ்ந்து, அவரை இடுப்பளவு தண்ணீரில் இருத்திவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வயலுக்குச் சோறு கொண்டுபோகிற பெண்கள் அந்த வழியால் வந்தார்கள்.

"மாப்பிளை, குளிக்கிறதுக்கு வீட்டிலை வாளி இல்லையோ?"

"தவளைக்கும் சட்டை தைச்சுப் போட்டனீங்களாம். அளவு எடுத்தனீங்களோ, அண்ணளவோ?"

சித்தப்பா தண்ணீருக்குள் இருந்தபடியே, "உங்கடை சட்டைகளை விட அது வலு பொருத்தம்" என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்குத்தான் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் இருந்தது.

பிறகு என்னை ஏற்றி, கையில் ஒரு பலகைத் துடுப்பும் தந்தார். வள்ளம் மிதந்தது.

அம்மா முதலையைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்த மடுவில் முதலை இல்லை என்றார் அப்பா. "முதலை உங்களிட்டைச் சொல்லிப்போட்டோ வரும்?" என்று அம்மா கேட்டார். அதனால் வள்ளத்தின் பின்பக்கத்தில் ஒரு நீளத் தும்புக்கயிறு கட்டி, மறுமுனையைச் சித்தப்பா கரையில் நின்று பிடித்துக்கொள்வது என்று முடிவானது. நான் நடு மடுவில் இருந்தேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மருதமரத்தடியில் நின்றார். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் என்னை மேய்ச்சலுக்குக் கட்டியிருப்பது போல இருந்திருக்கும்.

அந்த வள்ளத்தில் நான் கண்ட முதல் சுகம் மீன் அல்ல. என்னிடம் யாரும் கிட்ட வந்து எதுவும் கேட்க முடியாது என்பதுதான். அதற்கு முன் நான் ஆற்றை மேலே இருந்துதான் பார்த்திருக்கிறேன். இப்போது அதன் மட்டத்தில் இருந்தேன். மாசி மாதத்துத் தண்ணீர் தேயிலைச் சாயம் போல மங்கலான தெளிவு. கீழே விழுந்து கிடக்கிற மருத இலைகளின் நரம்புகூடத் தெரிந்தது. மீன்கொத்தி தண்ணீரில் விழமுன் தலையை ஒருமுறை ஆட்டிக் கணக்குப் பார்ப்பதை அங்கேதான் கண்டேன். விரால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை எடுத்துக்கொண்டு போவதையும் கண்டேன். மீனுக்கு ஏன் காற்று என்று கரையைப் பார்த்துக் கேட்டேன். "பேசாமல் எறி" என்றார் சித்தப்பா.

எறிந்தேன். தங்கூசி நூலின் முனையில் துணித்தவளை பறந்து போய்க் கோரைக்குப் பக்கத்தில் 'தொப்' என்று விழும். நான் நூலைச் சுண்டிச் சுண்டி இழுப்பேன். குஞ்சக் கால்கள் விரிந்து ஒடுங்கும். உண்மையாகவே அழகாக நீந்தியது. விரால்களும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். ஒன்று அடியிலிருந்து எழும்பி வந்து, தவளைக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் போய், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இன்னொன்று மூக்கால் ஒருமுறை தட்டிப் பார்த்தது. தின்னவில்லை.

ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனோம். சின்னம்மா பாயில் படுத்தபடி வாசலைப் பார்ப்பார். எங்கள் கையைப் பார்ப்பார். பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பார். கோபம் இல்லை. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. சித்தப்பா அன்றைக்கன்றைக்கு இரவே தவளையைப் பிரித்து வேறு விதமாகத் தைத்தார். கால் நீண்டது. கண் பெரிதானது. அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்து, "எலும்பு முட்டுது" என்று அப்பாவிடம் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் காற்று இல்லை. மடு கண்ணாடி போலக் கிடந்தது. கோரைக்குக் கிட்ட ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. சுளகளவு வட்டம். அந்த வட்டத்துக்குள் மட்டும் மழை தூறுவது போல இருந்தது. மேலே பார்த்தேன். மழை இல்லை.

"சித்தப்பா, இஞ்சை தண்ணி கொதிக்குது."

"என்னது?"

"கொதிக்குது. சிவப்பாய்க் கிடக்கு. சின்னச் சின்ன மீன்."

சித்தப்பா கரையில் துள்ளினார். அவருடைய முகத்தில் பழைய கடல் திரும்பி வந்திருந்தது.

"அட, பார்த்தியே! கடலிலையும் இதுதான் அடையாளம். சின்னன் மேலை வந்து துள்ளுதெண்டால், கீழை பெரிசு நிண்டு தின்னுது. நல்ல பசியிலை நிக்குது. எறியடா ராசா, அந்த நடுவிலையே எறி!"

எறிந்தேன். தவளை அந்தச் சிவப்புக்கு நடுவில் விழுந்தது. வட்டம் உடைந்து சிதறியது. நான் நூலைச் சுண்டவில்லை. சுண்ட நேரம் இருக்கவில்லை. தண்ணீர் வெடித்தது. முன்பு வந்த விரால்கள் பார்த்தன, முகர்ந்தன. இது பார்க்கவும் இல்லை, முகரவும் இல்லை. யாரோ கதவை உதைத்துத் திறந்தது போல வந்து அடித்தது.

நூல் என் கையில் சுற்றி இறுகியது. வள்ளம் திரும்பியது. நான் துடுப்பைப் போடவில்லை, யாரும் தள்ளவில்லை, ஆனால் நான் போய்க்கொண்டிருந்தேன். விரால் என்னைக் கோரைக்குள் இழுத்தது. சித்தப்பா கயிற்றைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்தார். நடுவில் தகரம் கிறீச்சிட்டது. "விடாதை! விடாதை!" என்று அவர் கத்தினார். எனக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் அது களைத்தது. விளிம்புக்கு இழுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்தை விடப் பெரிது. பாம்பின் தலை. கறுத்த முதுகு. துணித்தவளை அதன் வாயோரத்தில் குறுக்காக நின்றது, ஒரு பொத்தான் கண்ணோடு.

"பெரிசு சித்தப்பா! வலு பெரிசு!"

"தூக்கிப் போடடா உள்ளுக்கு! சின்னம்மா இண்டைக்குச் சோறு தின்னுவா!"

தூக்கத்தான் குனிந்தேன். அப்போது ஒன்றைக் கண்டேன். கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சித்தப்பா, அந்தச் சின்னன் எல்லாம் இஞ்சை வருகுது."

"எங்கை?"

"இதுக்குப் பின்னாலை. சிவப்பு எல்லாம். வள்ளத்தடிக்கு வந்திட்டுது."

"பெரிசைக் கண்டால் ஓடுமடா. வடிவாய்ப் பார்."

"ஓடேல்லை. இதின்ரை வாயடியிலை வந்து நிக்குது. சிலது செட்டைக்குக் கீழை போய் ஒளிக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். சித்தப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஆனால் கயிறு தொய்ந்திருந்தது.

"இது தின்ன வரேல்லை" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "விடு" என்றார்.

"என்ன?"

"கொழுக்கியைக் கழட்டி விடு, ராசா."

எனக்கு அழுகை வந்தது. "சின்னம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"விடு எண்டு சொல்லுறனல்லோ!"

சித்தப்பா என்னை அதட்டியது அதுதான் முதல் தரம். நான் கொழுக்கியைக் கழற்றப் பார்த்தேன். விரால் வழுக்கியது. கொழுக்கி ஆழமாக ஏறியிருந்தது. அதை மறைத்துத் தைத்த கை அவ்வளவு திறமான கை. சித்தப்பா சேட்டோடும் சாரத்தோடும் தண்ணீருக்குள் இறங்கினார். கழுத்தளவு வந்தும் நிற்கவில்லை. விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விராலின் வாய்க்குள் விட்டார். அது உதறியது. கொழுக்கி அதை விட்டு அவருடைய உள்ளங்கையில் ஏறியது. அவர் விராலைத்தான் பார்த்தார். விரால் ஒரு நொடி வள்ளத்தோடு ஒட்டியபடி நின்று, பிறகு நேரே கீழே போனது. சித்தப்பா தவளையைக் கையிலிருந்து பிடுங்கி எடுத்து, தண்ணீர் வடிய வடியக் கரைக்குப் போய், மருத வேரில் இருந்தார். கயிற்றின் முனை ஆற்றில் மிதந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

நானும் கரைக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டி இருந்தது. அந்தக் குஞ்சுகள் எல்லாம் கோரைக்குள் சிதறிப் போயிருந்தன. பெரிய விரால் மடுவின் மறுபக்கம் போய்விட்டது. இனி ஒன்றை ஒன்று எப்படிக் கண்டுபிடிக்கும்? கூப்பிடுமா? மீனுக்குச் சத்தம் இருக்கிறதா? துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தும்பி ஒன்று வந்து என் முழங்காலில் இருந்து, சலித்துப்போய் எழும்பிப் போனது.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா வாசலில் நின்றார். முதலில் சித்தப்பாவின் ஈரச் சேட்டைப் பார்த்தார். பிறகு துணி சுற்றிய கையை. பிறகு என் வெறுங்கையை.

"மீன் எங்கை?"

"பட்டது அக்கா. விட்டிட்டம்" என்றார் சித்தப்பா.

"பட்டதை விட்டனீங்களோ?"

"குஞ்சோடை நிண்டது."

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இஞ்சை ஒருத்தி பச்சைத் தண்ணியும் இறங்காமல் காய்ஞ்சு கிடக்கிறாள். உங்களுக்கு ஆத்திலை போற மீனிலை இரக்கம்! அதுகின்ரை குஞ்சைப் பற்றி உமக்கென்ன? முதல் உம்மடை..." என்று தொடங்கி, அந்தச் சொல்லை முடிக்காமல் நிறுத்தினார். உள்ளே சின்னம்மா பாயில் எழும்பி இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சித்தப்பா தலையைக் குனிந்தபடி கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"தம்பி, இஞ்சை வா" என்று சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"விட்ட பிறகு என்ன நடந்தது?"

இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

"கனநேரம் ஒண்டும் இல்லை சின்னம்மா. குஞ்சுகள் கோரைக்குள்ளை சிதறிப்போட்டுது."

"பிறகு?"

"பிறகு கோரைக்குக் கிட்ட ஒரு குமிழி வந்தது. பிறகு பெரிசு மேலை வந்து காத்து எடுத்துது. வாயோரம் கிழிஞ்சிருந்தது, அதாலை அதுதான் எண்டு கண்டனான். அந்த இடத்தை விட்டு அது அரக்கேல்லை. அப்பிடியே நிண்டது."

"குஞ்சுகள்?"

"முதல் ஒண்டு வந்தது. பிறகு ரண்டு மூண்டு. பிறகு ஒரேயடியாய் எல்லாப் பக்கத்தாலையும் வந்திட்டுது. திரும்பவும் மழை தூறினமாதிரி."

"எல்லாம் வந்திட்டுதோ?"

எனக்குப் பொய் சொல்ல விருப்பம் இல்லை. யோசித்தேன். "எண்ண ஏலாது சின்னம்மா. ஆனால் வட்டம் முந்தின அளவுதான். சுளகளவு."

சின்னம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையால் வட்டத்தின் அளவைக் காட்டினேன். அவர் என் கைகளுக்கு இடையில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு, "அக்கா, ராத்தையான் சோறு கிடக்கோ?" என்று கேட்டார்.

அம்மா நம்பாமல் நின்றார். பிறகு ஓடினார். பழஞ்சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து, மோர்மிளகாய் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் வழக்கம்போல, வாந்தி வந்தால் எடுக்க ஒரு வெறும் சட்டியும் வைத்தார். சின்னம்மா ஒரு வாய் வைத்தார். அம்மா சட்டியைக் கிட்டத் தள்ளினார். சின்னம்மா அதைத் தொடவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். அம்மா அந்தக் கை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் இல்லாத சோறு ஏன் அன்றைக்கு மட்டும் வயிற்றில் தங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. மோர்மிளகாயாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினார். ஆவணியில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல குரல். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஆனால் அந்த மத்தியானத்தில் இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது.

சின்னம்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பதைச் சித்தப்பாவுக்குச் சொல்ல நான்தான் கிணற்றடிக்கு ஓடினேன். அவர் வாழை மரங்களுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "சித்தப்பா, சின்னம்மா தின்னுறா. சட்டி தேவைப்படேல்லை" என்றேன். அவர் திரும்பவில்லை. கொழுக்கி ஏறிய கையை மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். தோள்கள் குலுங்கின. பெரிய ஆம்பிளை ஒருவர் அப்படி நின்று அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி ஓடினேன்.

"சின்னம்மா, சித்தப்பா கிணத்தடியிலை நிண்டு அழுறார்" என்றேன். "கொழுக்கி குத்தினது நோகுதாக்கும்."

சின்னம்மாவின் கை சோற்றுக் கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"ஓம்" என்றார். "நோகும்தான்."

எனக்குச் சின்னம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் இருந்து, மஞ்சளை நல்லெண்ணெயில் சூடாக்கி வைத்துக் கட்டினால் விடிய மாறிவிடும் என்றும், எனக்கும் ஒருமுறை முள்ளுக் குத்தியபோது அப்படித்தான் மாறியது என்றும் அவருக்குத் தைரியம் சொன்னேன்.